கயிற்றில் சிவப்பும் வெள்ளையும்

1

இந்தக் கதை ஒரு சாவு வீட்டுக் காப்பியில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்து எழுதினேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

என் மாமனார் ஆஸ்முஸைப் போன நவம்பரில், டென்மார்க்கின் தெற்கே இருக்கிற எங்கள் ஊரில், புதைத்தோம். குழி தோண்டும்போதே தண்ணீர் ஊறியது. அது முடிந்ததும் எல்லோரும் ஊர் மண்டபத்துக்கு வந்து ஈரக் கோட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காப்பிக்கு உட்கார்ந்தோம். சாவென்றாலும் கல்யாணமென்றாலும் இங்கே கேக்குகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், மறுக்க முடியாது. ரை ரொட்டியைப் பொடித்துச் செய்கிற கேக்கில் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே ப்ரெபென் ஆரம்பித்தார். ப்ரெபென் என் மனைவி டோர்தேயின் பெரியப்பா மகன். கோல்டிங்கில் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் தெரியும்.

"ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தி நாலுல, சண்டைக்கு நடுவுல, லண்டன்ல மேசை போட்டு உட்கார்ந்தாங்க. இந்த ஸ்லெஸ்விக் சீமைல ஒரு கோடு போடுவோம், வடக்க நீங்க வெச்சுக்குங்க, தெக்க ஜெர்மன்காரங்களுக்கு விடுங்கன்னாங்க. நம்மாளுங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் என்ன ஆச்சு? மொத்தமும் போச்சு! அன்னிக்கு ஒரே ஒரு தடவ தலையாட்டியிருந்தா இந்த ஊரு அரை நூத்தாண்டுக்கு மேல பிரஷ்யாக்காரன் பூட்ஸுக்குக் கீழ கெடந்திருக்காது."

"ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் டோர்தே. "அப்பாவப் பொதைச்ச சேறு இன்னும் என் செருப்புல இருக்கு."

"நான் யாருக்காகச் சொல்றேன்? நம்ம கொள்ளுத்தாத்தா, நிஸ் தாத்தாவுக்காகத்தான சொல்றேன்."

டோர்தே கோப்பையைக் கீழே வைத்தாள். அன்று முழுக்க அவள் அழவில்லை. அப்போதும் அழவில்லை.

"நான் அப்பா கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன், கடைசி மூச்சு வரைக்கும். நிஸ் தாத்தாவுக்கு அது கெடைக்கல. அவரோட அப்பா செத்துக்கிட்டு இருந்தப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னு துணியப் பாத்துக்கிட்டு இருந்தாரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீதான் பெரிய கதை எழுதறவனாச்சே. அவர ஆத்தக் கடக்க வை, பாக்கலாம்."

சவால் விட்டாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது கெஞ்சல் என்று புரிந்தது.

2

முதல் தொடக்கம்:

'லண்டனில், பச்சைத் துணி விரித்த நீளமான மேசையைச் சுற்றி, ஐரோப்பாவின் தலைவிதியை'

இல்லை. அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே சிலை வைத்தாயிற்று. அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் ப்ரெபென் என்னை உயிரோடு விடமாட்டார். மேசையில் பச்சைத் துணி விரித்திருந்ததும் என் கற்பனைதான்.

இரண்டாவது தொடக்கம்:

'டென்மார்க் அன்று தலையாட்டியது.'

இது பரவாயில்லை. சின்ன வாக்கியம், ஒரே அடியில் சரித்திரம் மாறிவிடுகிறது. ஆனால் எதற்காக மாற்றுகிறேன் என்று உங்களுக்கு இன்னும் தெரியாதே. ஒரு மகன் ஒரு புல்வெளியைத் தாண்டி அப்பாவின் கட்டிலுக்கு வருவதற்காக ஒரு போர், ஒரு மாநாடு, இரண்டு ராஜ்ஜியங்கள் எல்லாவற்றையும் நகர்த்தப்போகிறேன். அந்தப் புல்வெளியை முதலில் காட்டாவிட்டால் நான் பைத்தியக்காரன் என்று நீங்கள் நினைப்பீர்கள்.

மூன்றாவது தொடக்கம்:

'சில்லே வீட்டுத் துணிக்கயிறு ஆற்றின் அக்கரையிலிருந்து பார்த்தால் தெரியும்.'

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அப்படியானால், மாற்றப்படாத சரித்திரம்.

ஜெர்மன் ராஜ்ஜியமான பிரஷ்யாவோடு நடந்த போரில் டென்மார்க் தோற்ற பிறகு எல்லை வடக்கே ஏறி, எங்கள் பக்கத்தில் அரசனாற்றில் வந்து நின்றது. பெயர்தான் அரசனாறு, கோடையில் மாடு இறங்கிக் கடந்துவிடும். ஆற்றுக்கு வடக்கே டென்மார்க். தெற்கே, ஸ்கோட்பொர் பக்கத்தில், மதியாஸும் சில்லேயும் இருந்த பண்ணை பிரஷ்யாவில் இருந்தது. பேச்சு, பாட்டு, சாப்பாடு எல்லாம் டேனிஷ். வரியும் பட்டாளமும் மட்டும் ஜெர்மன்.

அவர்களுடைய ஒரே மகன் நிஸ். பிரஷ்யப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற வயது வந்ததும், அந்தக் காலத்தில் எத்தனையோ பையன்கள் செய்ததை அவனும் செய்தான். ஒரு நாள் காலையில் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டான். அப்படிப் போனவன் திரும்பிக் கால் வைத்தால் பிடித்து உள்ளே தள்ளுவார்கள், அங்கிருந்து நேராகப் பட்டாளம். நிஸ் அதிக தூரம் போகவில்லை. அக்கரையில் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் குறைவுதான், ஆனால் அங்கிருந்து அம்மாவின் துணிக்கயிறு தெரியும்.

அம்மா தாராளமாக வடக்கே வரலாம். அதற்குத் தடையில்லை. பாலம் சுற்றி வரவேண்டும், அவ்வளவுதான். ஒரு குளிர்காலத்தில் மதியாஸுக்குப் பக்கவாதம் வந்தது. அதைச் சொல்லச் சில்லே பாலம் தாண்டி வந்தாள்.

[ஒரு சந்தேகம். சில்லே பேசியது தெற்கு ஜட்லாந்து வட்டார மொழி. கோபன்ஹேகன்காரர்களுக்கே அது முழுதாகப் புரியாது. அவளை எந்த ஊர்த் தமிழில் பேசவைப்பது? ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் என் வாயில் வருகிற தமிழையே கொடுத்துவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளுக்குக் கோபித்துக்கொள்ள வேறு விஷயங்கள் இருந்தன.]

"அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சுடா."

"நான் வரேன்."

"வந்து? ரோகல்லா தெனமும் நம்ம வாசல் வழியாத்தான் நடக்கறான். ஒன்னக் கண்டா பிடிச்சுக் கட்டி இழுத்துட்டுப் போவான். படுத்துக் கெடக்கறவரு அதையும் பாக்கணுமா?"

ரோகல்லா அந்தப் பகுதியின் எல்லைக் காவலர். அவரைப் பற்றிப் பிறகு.

"இனிமே அவர விட்டுட்டு என்னால வர முடியாது" என்றாள் சில்லே. "கயித்தப் பாத்துக்கோ. சிவப்பு மெத்தை உறை தொங்குச்சுன்னா உசுரோட இருக்காருன்னு வெச்சுக்கோ."

"இல்லேன்னா?"

"வெள்ளை விரிப்பு."

"வெள்ளையப் பாத்தா நான் வந்துருவேம்மா. இப்பவே சொல்லிட்டேன். ரோகல்லா வந்தாலும் சரி, அவங்க அப்பனே வந்தாலும் சரி. எங்கப்பா சவப்பெட்டியோட தலைமாட்ட ஊர்க்காரன் தூக்க வுட மாட்டேன்."

சில்லே அவனுடைய கோட்டில் கழன்றிருந்த பொத்தானைப் போட்டுவிட்டாள். (பொத்தான் என்னுடையது. மற்றதெல்லாம் குடும்பத்தில் சொல்கிறபடி.)

அன்றிலிருந்து சிவப்பு உறை கயிற்றில் தொங்கியது. மழையில் தொங்கியது, பனியில் விறைத்துப்போய்த் தொங்கியது. அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள்.

"என்ன சில்லே, அந்த ஒரு துணி எப்பத்தான் காயும்?"

"காஞ்சா எடுத்துருவேன்."

3 (மறுபடியும்)

ரோகல்லாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு இதில் சங்கடம் இருக்கிறது.

எங்கள் வீட்டு நாயின் பெயர் ரோகல்லா. இதற்கு முன்பு இருந்த நாயின் பெயரும் அதுதான். முதல் ரோகல்லா நிஸ் வளர்த்தது. எதிரியின் பெயரை நாய்க்கு வைத்தால் 'ரோகல்லா, வெளிய போ' என்று தினமும் சொல்லலாம் அல்லவா, அதற்காகத்தான் வைத்தாராம். ப்ரெபென் இதைச் சொல்லும்போதெல்லாம் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் ஒரு மனிதனை இப்படித் திட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு வில்லன்களை எழுத வராது. எழுதும்போது அவர்களுக்குப் பசிக்கும், கால் வலிக்கும், உடனே இரக்கம் வந்துவிடும். ரோகல்லாவைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது, அவர் பிரஷ்யாவின் கிழக்குக் கோடியில் போலிஷ் பேசுகிற ஊரிலிருந்து வந்தவர் என்பதுதான். ஜெர்மன் அவருக்கும் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்த மொழி. சில்லேயிடம் ஜெர்மனில்தான் பேசுவார். சில்லேக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி நிற்கவும் நன்றாகத் தெரியும்.

மார்ச் மாதம் ஒரு காலையில் மதியாஸ் இறந்துபோனார். சில்லே அவர் கண்ணை மூடினாள், தாடையைக் கட்டினாள், துணிப்பெட்டியிலிருந்து வெள்ளை விரிப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மகனிடம் சொன்னது சொன்னதுதான். கயிற்றில் போட்டாள். சிவப்பை எடுக்க மறந்துவிட்டாள். இத்தனை நாளும் அது அங்கேயே தொங்கியதால் அவள் கண்ணுக்கு அது படவில்லை.

சிவப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில். டென்மார்க்கின் கொடி நிறம். பிரஷ்யாவின் மண்ணில் அதை அப்படித் தொங்கவிட்டால் குற்றம். நாய்க்கூண்டுக்கு அந்த இரண்டு வர்ணமும் அடித்ததற்குக்கூட விசாரணை வந்த காலம் அது.

ரோகல்லா வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

"என்னம்மா, கொடி ஏத்திட்டீங்க போல?"

"துணி காயப்போட்டிருக்கேன்."

"ரெண்டையும் சேத்தா? அதுவும் அந்தக் கரைக்குத் தெரியற மாதிரி?"

"கயிறு அப்படிக் கட்டியிருக்கு. கட்டினவரு என் வீட்டுக்காரரு. அவரத்தான் கேக்கணும்."

"பெரியவரு எப்படி இருக்காரு?"

சில்லே வீட்டைப் பார்த்தாள்.

"தூங்கறாரு."

ரோகல்லா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா எங்க அதிகாரி குதிரைல பின்னாடியே வந்துக்கிட்டு இருக்கான். அவன் பாத்தா உங்களக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவான். படுத்துக் கெடக்கறவர யாரு பாத்துக்குவா? எதையாவது ஒண்ண எறக்கிருங்க."

"எத?"

"எதுன்னா என்ன? ரெண்டும் துணிதான."

அவர் ஊரிலும் சிவப்பும் வெள்ளையும்தான் தடைசெய்யப்பட்ட நிறங்கள். போலந்துக்காரர்களுக்கும் அவைதான் கொடி. அவர் எந்தக் குரலில் இதைச் சொன்னார் என்று நான் பல விதமாக எழுதிப் பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

சிவப்பை இறக்கினால் வெள்ளை மிஞ்சும். நிஸ் வருவான். ரோகல்லாவும் அதிகாரியும் வாசலில் நிற்கும்போதே வருவான். வெள்ளையை இறக்கினால் சிவப்பு மிஞ்சும். அப்பா இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு அவன் அங்கேயே நிற்பான். அப்பாவை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போவார்கள்.

அன்றும், அடக்கம் முடிகிற வரையிலும் கயிற்றில் சிவப்பு மட்டுமே தொங்கியது. இது எல்லோருக்கும் தெரியும். சர்ச் மணி அக்கரைக்கும் கேட்டிருக்கும், ஆனால் மணி யாருக்கு வேண்டுமானாலும் அடிப்பார்கள். அந்த மார்ச் காலையில் நிஸ் ஆற்றங்கரை வயலில் எரு இறைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளையை இறக்கியது யார் என்பதில்தான் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. ரோகல்லா பிடுங்கி எறிந்தார் என்று ப்ரெபென் கட்சி. ஆஸ்முஸ் கட்சி எதுவும் சொல்லாது, காப்பியைக் கலக்கிக்கொண்டிருக்கும்.

4

இப்போது மாற்றுகிறேன். டென்மார்க் அன்று தலையாட்டியது.

கோடு தெற்கே இறங்கி, ஃபிளென்ஸ்பர்க்குக்குச் சற்று வடக்கே விழுந்தது. அரசனாறு வெறும் ஆறாயிற்று. பட்டாளத்துக்கு ஆள் கேட்டு யாரும் பிரஷ்யாவிலிருந்து ஸ்கோட்பொருக்கு வரவில்லை. நிஸ் எங்கும் போகவில்லை. மதியாஸுக்குப் பக்கவாதம் வந்தபோது (பக்கவாதத்தை மாநாட்டால் தடுக்க முடியாது) மகன் வீட்டில் இருந்தான். தினமும் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துச் சவரம் செய்தான்.

"கத்திய ஒழுங்காப் பிடிடா. நான் இன்னும் சாகல."

"ஆடாம இருந்தாத்தான."

"ஒரு பக்கம்தான் ஆடலியே, மொதல்ல அந்தப் பக்கத்தச் செய்யி."

இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே. மார்ச் மாதக் காலையில் மதியாஸ் மகனின் கையைப் பிடித்தபடி இறந்தார். நிஸ் பெட்டியின் தலைமாட்டைத் தூக்கினான். சில்லே அவருடைய படுக்கைத் துணிகளைத் துவைத்து, சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தே காயப்போட்டாள். அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க அதில் ஒன்றுமில்லை.

இங்கேயே முடித்திருக்கலாம்.

ஆனால் கோடு காற்றில் விழாது, யாராவது வீட்டு வாசலில்தான் விழும். ஃபிளென்ஸ்பர்க்குக்கு வடக்கே, கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு ஜெர்மன் குடும்பம் டென்மார்க்கில் மாட்டிக்கொண்டது. அம்மாவின் பெயர் கீடே. அவளுடைய மகன் டேனிஷ் பட்டாளத்துக்குப் பயந்து தெற்கே ஓடினான். ஸ்லெஸ்விக் ஜெர்மன்காரர்களின் கொடிக்கு நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறம். கீடேயின் வேலிக்கு வெளியே ஒரு டேனிஷ் காவலர் வந்து நிற்கிறார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைக்கிறார். பாவம், நல்ல மனிதர்தான்.

"எதையாவது ஒண்ண எறக்கிருங்கம்மா."

நான் இந்தப் பத்தியை இரண்டு தடவை அடித்தேன். இரண்டு தடவையும் திரும்ப எழுதினேன்.

டோர்தேயிடம் படிக்கக் கொடுத்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தாள். நாய் அவள் காலடியில் கிடந்தது.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"நீ..."

"நிஸ் தாத்தா அந்தக் கரைக்கு வேலைக்குப் போனதுனாலதான எங்க கொள்ளுப்பாட்டியக் கட்டிக்கிட்டாரு? இதுல அவரு போகவே இல்லையே."

"ஆமா."

"அப்ப தாத்தா இல்ல. அப்பா இல்ல. நான் இல்ல."

"அடிச்சிடறேன்."

"எதுக்கு?" அவள் முதல் முறையாகச் சிரித்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அந்தச் சில்லேக்கு மகன் கெடைச்சுட்டான். பரவால்ல, நான் இல்லாமயே இருந்துட்டுப் போறேன். ஒனக்கு யாரு காப்பி போடுவான்னுதான் தெரியல."

* காப்பி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரஷ்யர் காலத்தில் டேனிஷ்காரர்கள் கூடுகிற மண்டபங்களுக்குச் சாராயம் விற்க அனுமதி கிடைக்காது. அதனால்தான் காப்பியும் கேக்குமாக உட்கார்ந்து உட்கார்ந்து அதுவே இந்தப் பக்கத்து வழக்கமாயிற்று என்பார்கள். தோற்காவிட்டால் அந்தக் காப்பி மேசை இல்லை, அந்த மேசை இல்லாவிட்டால் இந்தக் கதை இல்லை. இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.

5

ப்ரெபெனுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஒரே உற்சாகம்.

"கோடே வேண்டாம்யா! இன்னொரு யோசனையும் அப்ப இருந்துச்சு, தெரியுமா ஒனக்கு? டென்மார்க்கே மொத்தமா ஜெர்மன் கூட்டமைப்புல சேந்துர்றது. கோடு இல்ல, எல்லை இல்ல. நிஸ் தாத்தா எங்க வேணாப் போலாம், வரலாம். இத எழுது."

எழுதினேன். டென்மார்க் சேர்ந்தது. எல்லை இல்லை. ஓடுவதற்கு அக்கரையும் இல்லை. அதனால் நிஸ் ஓடவில்லை. வயது வந்ததும் மற்றவர்களைப் போல வரிசையில் நின்று சீருடை வாங்கிக்கொண்டான். கூட்டமைப்பு சாம்ராஜ்யமாயிற்று. அவனை ரயிலேற்றிக் கிழக்குக் கோடிக்கு அனுப்பினார்கள். வேலை சுத்தமாகச் செய்தான், காவலரானான். விடுமுறை கேட்டபோது அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அவனுடைய அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்த செய்தியே அவனுக்கு வந்து சேரவில்லை.

மார்ச் மாதம் ஒரு காலையில் அவன் போலிஷ் பேசுகிற ஊர் ஒன்றில் ரோந்து போகிறான். ஒரு வேலிக்கு உள்ளே ஒரு கிழவி துணி காயப்போடுகிறாள். சிவப்பு. பக்கத்தில் வெள்ளை. அவள் மகன் எங்கேயோ ஒளிந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நிஸுக்குத் தெரியாது. அந்த மகனின் பெயர் ரோகல்லா என்பதும் தெரியாது.

நிஸ் தொப்பியைக் கழற்றுகிறான்.

'எதுன்னா என்ன, ரெண்டும்

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. ப்ரெபெனிடம் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். "ஒனக்குச் சரித்திரமே வராதுய்யா" என்றார். உண்மைதான்.

6

சரி, லண்டனை விட்டுவிடுவோம். மாற்றப்படாத சரித்திரத்திலேயே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சரிசெய்கிறேன் என்று முடிவு செய்தேன். வெள்ளையை இறக்கியது ரோகல்லா. அவ்வளவுதான். ஒரு அம்மா தன் கையாலேயே மகனை ஏமாற்றினாள் என்று ஏன் இருக்கவேண்டும்? ரோகல்லாவின் வாரிசு யாரும் வந்து சண்டை போடப்போவதில்லை. இப்படி எழுதினேன்:

'ரோகல்லா வேலியைத் தாண்டி வந்தார். சில்லே தடுத்தாள். அவர் வெள்ளை விரிப்பைப் பிடித்து இழுத்துச் சேற்றில் எறிந்தார். அந்த நேரத்தில் நிஸ் அக்கரையில் மாட்டுக் கொட்டகைக்குள் இருந்தான், அதைப் பார்க்கவில்லை.'

நிஸைக் கொட்டகைக்குள் தள்ளியது என் வசதிக்காக. அடக்கம் முடிந்து சில்லே கறுப்பு உடையில் பாலம் சுற்றி மகனிடம் போனாளாம், அங்கே பேசியதாகக் குடும்பத்தில் சொல்வது இவ்வளவுதான்:

"அம்மா, அன்னிக்குக் காலைல வெள்ளையா ஒண்ணு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சே?"

"போட்டேன்டா. ரோகல்லா பிடுங்கிட்டான்."

"சரிம்மா."

இதை அப்படியே வைத்து, அம்மாவும் மகனும் கட்டிக்கொண்டு அழுததாக எழுதி முடித்துவிட்டேன். டோர்தே படித்தாள். அவள் கை நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"கொட்டகைக்குள்ள இருந்தாருன்னு யாரு சொன்னா?"

"நான்தான்."

"அவரு அந்தப் பண்ணைக்கு வேலைக்குப் போனதே கயித்தப் பாக்கத்தான? அவரோட அப்பா படுத்தப்புறம் எதுக்குக் கொட்டகைக்குள்ள இருப்பாரு?"

"கதைக்கு அப்படி..."

"கேளு. எங்கப்பா சின்னப் புள்ளையா இருந்தப்ப நிஸ் தாத்தாவ நல்லாப் பாத்திருக்காரு. அந்த நாயையும் பாத்திருக்காரு. ப்ரெபென் சொல்றதெல்லாம் சும்மா. தாத்தா அந்த நாய ஒரு நாளும் வெளிய போன்னு சொன்னதில்லையாம். சாப்பிட உட்கார்ந்தா இறைச்சில மொதல் துண்டு அதுக்குத்தான். குளிர்ல தன் போர்வைய எடுத்து அது மேல போடுவாராம். கொள்ளுப்பாட்டி திட்டுவாங்களாம், பெத்த புள்ளைங்களக் கூட இப்படிக் கொஞ்சல, நாயப் போயி கொஞ்சறீங்களேன்னு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"ரோகல்லா பிடுங்கினான்னு அவரு நம்பியிருந்தா, அந்தப் பேரு வெச்ச நாய்க்குக் கறி போடுவாரா?" என்றாள் டோர்தே. "அவரு கரையிலதான் நின்னாரு. பாத்துட்டாரு. யாரு கை எறக்குச்சுன்னு பாத்துட்டாரு."

"பாத்துட்டுமா வரல?"

"அவங்கம்மா எதுக்கு எறக்கினாங்கன்னு புரிஞ்சிருக்கும்ல. புரிஞ்சுதான் நின்னுட்டாரு. அப்புறம் அம்மா வந்து பொய் சொன்னாங்க. சரிம்மான்னுட்டாரு. அவ்வளவுதான்."

அப்போதுதான் அழுதாள். நவம்பரிலிருந்து சேர்த்துவைத்தது எல்லாம் வந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாய் எழுந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்ப எப்படி எழுதட்டும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத நேரம். எழுதுகிறவர்களுக்கு நேரம் காலம் தெரியாது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

7

ஆகவே நானும் சொல்லப்போவதில்லை.

டோர்தே சொன்னது ஒரு நாயை வைத்துச் செய்த ஊகம். ப்ரெபென் கேட்டால் அது ஆதாரமே இல்லை என்பார், கிழவர்கள் நாயைக் கொஞ்சுவது உலக வழக்கம் என்பார். நியாயம்தான். ரோகல்லாவே இறக்கியிருக்கலாம். அப்படியானால் அவர் மேல் நூறு வருடமாகச் சுமத்திய பழி சரியானது, நாங்கள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். சில்லேதான் இறக்கினாள் என்றால் அவள் மகனைக் காப்பாற்றினாள். அவனுடைய அப்பாவை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டதும் அவள்தான். அவன் பிடிபடாமல் அக்கரையிலேயே கல்யாணம் செய்துகொண்டான்; அந்தக் கையால்தான் டோர்தே இன்று என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

உங்களுக்கு இது எதுவும் பிடிக்காவிட்டால் லண்டனுக்குப் போங்கள், அந்த மேசையில் உட்காருங்கள், கோட்டை உங்கள் இஷ்டத்துக்கு நகர்த்துங்கள். நான் நகர்த்திப் பார்த்தேன். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அங்கே ஒரு வீடு இருந்தது, வீட்டுக்குப் பின்னால் ஒரு கயிறும் இருந்தது.

கடைசி வாக்கியத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்:

'மார்ச் மாதக் காலையில், வெள்ளை விரிப்பைக் கயிற்றிலிருந்து இறக்கியது (                    ).'

நிரப்புங்கள். அதிகம் யோசிக்க நேரமில்லை. குதிரைச் சத்தம் கேட்கிறது, ரோகல்லா தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டுவிட்டார். அக்கரையில் எரு இறைத்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்க்கிறான்.